ஒரே வைஃபை கார்டு, நாலு கர்னல்

2020-ல் இந்த லேப்டாப்பில் உபுண்டு 20.04 (லினக்ஸ் இயங்குதளம்) போட்டேன். சவுண்ட், டச்பேட் எல்லாம் தானாகவே வேலை செய்தன. வைஃபை மட்டும் இல்லை. இன்றும் அதே லேப்டாப், அதே கார்டுதான். நடுவில் பட்ட பாட்டை எழுதுகிறேன்.

முதல் நாள் முழுக்க லேப்டாப் மாடல் பெயரைப் போட்டுத் தேடி நேரத்தை வீணடித்தேன். ஒரே மாடலுக்குள் வேறு வேறு சிப் வைத்து விற்பார்கள் என்பது அப்போது தெரியாது. தேட வேண்டியது சிப்பின் அடையாள எண்ணை. டெர்மினலில் ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ (உள்ளே இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் கட்டளை) கொடுத்தால், நெட்வொர்க் கார்டு வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் முக்காற்புள்ளி போட்டு இரண்டு எண்கள் வரும். முதல் எண் நிறுவனத்துக்கு, அடுத்தது சிப்புக்கு. 8086 என்று தொடங்கினால் இன்டெல். அதற்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கர்னலிலேயே, அதாவது லினக்ஸின் மையப் பகுதியிலேயே இருக்கிறது, ஃபர்ம்வேர் கோப்பு (சிப்புக்குள் ஏறும் நிரல்) மட்டும் சரியாக இருந்தால் போதும். வெளியே செருகும் யுஎஸ்பி டாங்கிள் என்றால் ‘எல்எஸ்யுஎஸ்பி’ கட்டளை.

அந்த வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரிகளைப் பார்க்க வேண்டும். ‘கர்னல் மாட்யூல்ஸ்’ (சிப்புக்குப் பொருந்தும் டிரைவர் மாட்யூல்கள்), ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’ (இப்போது ஓடும் டிரைவர்). எனக்கு இரண்டுமே இல்லை. அதாவது 5.4 கர்னலுக்கு என் சிப் யாரென்றே தெரியவில்லை.

சரி, வெளியே கிடைத்த டிரைவர் மூலநிரலை எடுத்து டிகேஎம்எஸ் (கர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலை மறுபடி கம்பைல் செய்யும் கருவி) வழியாகக் கம்பைல் செய்தேன். நெட் இல்லாமல் நெட் டிரைவரை எப்படி டவுன்லோட் செய்வது? போனை யுஎஸ்பி டெதரிங்கில் செருகினால் போதும், அதற்கு எந்த டிரைவரும் தேட வேண்டியதில்லை. அப்புறம் செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ள நிரலை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) வந்து நின்றது. கையொப்பம் இல்லாத மாட்யூலை ஏற்ற மாட்டேன் என்றது. கையொப்பச் சாவியைப் பதிவு செய்ய ரீபூட் செய்ததும் ஒரு நீலத்திரை, பத்து விநாடிக்குள் ஏதாவது கீயைத் தட்ட வேண்டும். நான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். மறுபடி முதலிலிருந்து.

ஒருவழியாக ஓடியது. 2021 தொடக்கத்தில் அப்டேட்டில் 5.8 கர்னல் வந்தது, வைஃபை போனது. ப்ராக் கோப்புகளை (கர்னல் தன் தகவல்களைக் காட்டும் கோப்புகள்) டிரைவர்கள் கையாளும் முறை 5.6-லேயே மாறிவிட்டதாம், பழைய மூலநிரல் கம்பைலே ஆகவில்லை. திருத்திய பதிப்பைத் தேடிப் போட்டேன். 5.11 வந்தபோது என் சிப்புக்கு கர்னலிலேயே டிரைவர் சேர்ந்திருந்தது. ஆனால் அரைமணிக்கு ஒருமுறை இணைப்பு அறுந்தது. கோபத்தில் அது தானாக ஏறாதபடி பிளாக்லிஸ்ட் செய்துவிட்டுப் பழையதையே வைத்துக்கொண்டேன்.

இந்த பிளாக்லிஸ்ட்தான் பின்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது. 22.04-க்கு மாறி 5.15 வந்ததும் டிகேஎம்எஸ் மாட்யூல் மறுபடி உடைந்தது. ‘மாட்யூல்ஸ்’ வரியில் கர்னல் டிரைவரின் பெயர் இருக்கிறது, ‘இன் யூஸ்’ வரி மட்டும் காணோம். ஃபர்ம்வேர் இல்லையோ என்று கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி முழுக்கத் தேடினேன், ஒரு பிழைகூட இல்லை. மாலையில்தான் மாட்யூல் அமைப்புகள் இருக்கும் மோட்ப்ரோப்.டி ஃபோல்டரைத் திறந்தேன். எப்போதோ நானே எழுதிய ஒற்றை பிளாக்லிஸ்ட் வரி. அதை அழித்து, டிகேஎம்எஸ் மாட்யூலையும் நீக்கி, ரீபூட் செய்ததும் வைஃபை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒருமுறைகூட டிரைவர் கம்பைல் செய்யவில்லை. வேகமும் பழையதைவிடக் குறைவில்லை. நெட்வொர்க் மேனேஜர் அமைப்பில் வைஃபை பவர்சேவ் மதிப்பை 3-லிருந்து 2 ஆக்கி மின்சேமிப்பை அணைத்தேன், இணைப்பு அறுவதும் நின்றது. 5.11-லும் இதைச் செய்திருந்தால் போதுமாக இருந்திருக்குமோ என்னவோ.

ஒரே ஒரு குறை மிச்சம். எப்போதாவது லேப்டாப் தூங்கி எழுந்தால் கார்டு எழுவதில்லை. மாட்யூலை இறக்கி மறுபடி ஏற்ற இரண்டு வரி ஸ்கிரிப்ட் ஒன்றை ஷார்ட்கட் கீயில் வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை தட்டுகிறேன்.