தங்கச்சிமடம் டீக்கடை: கருப்பட்டி காபி, கூடவே சோசலிசம்

ராமேஸ்வரம் தீவுல இருக்குற தங்கச்சிமடத்துல மெயின் ரோட்டை விட்டு கடக்கரைக்கு எறங்குற வழியில ஒரு ஓலைக்கொட்டகை டீக்கடை, போர்டெல்லாம் கெடையாது. கருப்பட்டி காபி 20 ரூபா, சுக்கு தட்டிப் போட்டு அடுப்புலயே கெடக்கும், தொண்டையில எறங்குறப்பவே தெரியும் நல்ல கருப்பட்டினு. வடை சூடா இருந்தா மட்டும் வாங்குங்க. பால் டீ சுமார்தான்.

ஆனா நான் ராம்நாட்லேர்ந்து பஸ் ஏறிப் போறதே அங்க நடக்குற பேச்சுக்குத்தான். போன தடவை ஒரு விசைப்படகு ஓனர், "ஏவாரத்தை ஏவாரமா விடணும்ணே, அரசாங்கம் இதுல எதுக்கு"னு ஆரம்பிச்சாரு. எதுக்க வல பொத்திக்கிட்டு இருந்தவரு தலையத் தூக்காமலே, "அப்ப மானிய டீசல் வேணாம்னு எழுதிக் குடு மாப்ள, மீன்பிடி தடைக்காலம் 61 நாளுக்கு உன் ஆளுக வாங்குற 8000 ரூபா நிவாரணத்தையும் வேணாம்னு சொல்லு"ன்னாரு. ஓனரு விடல, "மானியம் குடுக்குற கைதான 74ல கச்சத்தீவையும் குடுத்துச்சு"ன்னு ஒரே போடு.

அப்பதான் ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் வாயத் தொறந்தாரு. 74ல கையெழுத்துப் போட்ட இந்திரா, இலங்கைப் பிரதமர் சிறிமாவோ ரெண்டு பேருமே சோசலிசம் பேசுனவங்க, 76ல கடிதம் மாத்திக்கிட்டப்பதான் அந்தப் பக்கம் மீன்பிடிக்கிற உரிமையும் போச்சு, 77ல இலங்கையில ஜெயவர்த்தனா ஆட்சிக்கு வந்து சந்தையைத் தொறந்துவிட்டாரு, அவரு காலத்துலதான் 78ல இலங்கைக்கு ஜனநாயக சோசலிசக் குடியரசுன்னே பேரு வந்துச்சு, இதுல எந்தக் கொள்கை வந்து நம்ம படகுக்கு வழி விட்டுச்சுன்னு கேட்டாரு பாருங்க, வல பொத்துற கை அப்படியே நின்னுபோச்சு.

இறால் பேச்சும் வந்துச்சு. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதுல பாதி, ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்குனதுக்காக. அந்த வரி நாம புடிக்கிற கடல் இறாலுக்குப் போட்டதுன்னு ஒரு பையன் சொன்னதும், இன்னொருத்தர் உடனே திருத்துனாரு: வலையில ஆமை தப்பிக்கிற கருவி இல்லைனு நம்ம கடல் இறாலை அமெரிக்கா 2019லயே நிறுத்திருச்சு, வரி விழுந்தது பண்ணை இறாலுக்கு, அங்க போகாத பண்ணை இறால் மத்த சந்தையில குவிஞ்சா நம்ம சரக்கு வெலையும் எறங்கும்ல. டிவி விவாதத்துல இப்படி யாராவது திருத்தி நான் கேட்டதில்ல.

ஒரு குறை, மனசார சொல்றேன். கடல்பாசி எடுத்துட்டு வர்ற பொம்பளைகளுக்கு உக்கார எடமே இல்ல, வெளிய நின்னேதான் குடிக்கிறாக. வெரல்ல சுத்துன ஈரத்துணியோட கிளாசப் புடிச்சிருந்த ஒரு அக்கா, "மன்னார் வளைகுடா 21 தீவுலயும் எறங்கக் கூடாதுங்குது அரசாங்கம், பாசிக்கு வெலை இம்புட்டுத்தாங்குறான் ஏவாரி, நாங்க எதுல சேத்தி?"ன்னாக. உள்ள இருந்த யாருக்கும் பதில் வரல. கடைக்கார அண்ணேகிட்ட வாசல்ல ஒரு பெஞ்சு போடச் சொல்லிட்டு வந்திருக்கேன், போறவங்க நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க.