மெஹாரி 4×4 வாங்கப் போகிறீர்களா? லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

31,000 யூரோ கொடுத்து நான் வாங்கிய சித்ரோயன் மெஹாரி 4×4 (நான்கு சக்கர இழுவை) வண்டியின் பின்சக்கரங்கள் ஒருநாள்கூட வண்டியை இழுத்ததில்லை. இழுக்கவும் முடியாது. இழுப்பதற்கு வேண்டிய எதுவும் உள்ளே கிடையாது. பிரான்ஸில் இருந்துகொண்டு இப்படியொரு பழைய வண்டியைத் தேடுகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

மெஹாரி என்பது பாலைவனத்தில் விரைந்தோடும் சவாரி ஒட்டகத்தின் பெயர். 1968 முதல் 1987 வரை அந்த வண்டியை 1,44,000-க்கு மேல் செய்தார்கள். ஏறக்குறைய எல்லாமே முன்சக்கர இழுவை. 1979-இல்தான் 4×4 வந்தது. அதே 602 சிசி இரட்டைச் சிலிண்டர் என்ஜின்தான், ஆனால் பின்சக்கரங்களுக்கும் விசை போகும். மேட்டுக்கென்று தனிக் குறைவேக கியர்கள் உண்டு. 60 சதவீதச் சரிவிலும் ஏறும் என்று விளம்பரம் செய்தார்கள். 1983-இல் நிறுத்தும் வரை ஆயிரத்துச் சில நூறு வண்டிகள்தான் வெளிவந்தன. 1980 பாரிஸ்–டாக்கர் பந்தயத்தில் மருத்துவ உதவிக் குழுவை மணலில் சுமந்து சென்றவை பத்து மெஹாரி 4×4-கள். அந்தக் காட்சியைப் புகைப்படத்தில் பார்த்த நாளிலிருந்தே எனக்கு இந்த வண்டி மீது ஆசை. பதினொரு ஆண்டுகள் சேமித்தேன்.

இதில் மோசடி செய்வது எளிது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெஹாரியின் உடல் முழுக்க ஏபிஎஸ் பிளாஸ்டிக் பலகைகள். திருகைக் கழற்றி மாற்றிவிடலாம். புதிய பலகைகள் இன்றும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. 4×4-இன் அடையாளமாக எல்லோரும் பார்ப்பது பானெட்டின் மேல் படுத்திருக்கும் உதிரிச் சக்கரத்தைத்தான். சாதாரண மெஹாரியின் பானெட்டை மாற்றிவிட்டால் பாதிப் பேர் நம்பிவிடுவார்கள். நானும் நம்பினேன்.

விற்றவர் ஆர்தேஷ் பகுதியில் ஒரு பண்ணை வீட்டில் இருந்தார். காபி கொடுத்தார். தன் தந்தை இந்த வண்டியில்தான் திராட்சைத் தோட்டத்துக்குப் போவார் என்று சொன்னார். ஓட்டிப் பார்க்கும்போது கியருக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புக் குமிழ் வைத்த லீவரைத் தொட்டேன். உடனே என் கையைத் தடுத்தார். "காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போடாதீர்கள், கியர் பெட்டி உடைந்துவிடும்."

அவர் சொன்னது முழு உண்மை. இந்த வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல், அதாவது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கர அமைப்பு, கிடையாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடும். சேற்றில் அந்த வேறுபாடு வழுக்கலில் கரைந்துபோகும். தாரில் அப்படியே பற்சக்கரங்களை முறுக்கும். இதை நான் முன்பே படித்திருந்தேன். விஷயம் தெரிந்த மனிதர் என்று அவர் மீது மரியாதையே வந்தது. நின்ற இடத்தில் லீவரைத் தள்ளிக் காட்டினார். 'டக்' என்று விழுந்தது. அதோடு என் சந்தேகமெல்லாம் போய்விட்டது.

மே மாதம் வெர்கோர் மலையில், மழையில் நனைந்த ஒரு புல்மேட்டில் வண்டி நின்றுவிட்டது. லீவரைத் தள்ளினேன், 'டக்' என்றது. முன்சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. இறங்கி நின்றிருந்த என் மனைவி கேட்டாள்: "பின்சக்கரம் சுற்றவே இல்லையே, ஏன்?" ஒரு விவசாயி டிராக்டரில் கட்டி இழுத்துவிட்டார்.

மறுவாரம் எங்கள் ஊர் மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றினார். அடிப்பகுதி முழுக்கத் துருத்தடுப்புத் தார் கெட்டியாகப் பூசப்பட்டிருந்தது. சுரண்டச் சுரண்ட ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. பின்னுக்கு விசை கொண்டுபோகும் தண்டு என்று நான் நினைத்தது வெறும் இரும்புக் குழாய், இரண்டு முனையும் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. பின் டிஃபரன்ஷியல் கூட்டை அவர் ஸ்பேனர் பிடியால் தட்டினார். வெற்றுக் குடம்போல் ஒலித்தது. சிவப்புக் குமிழ் லீவர் தரைக்குக் கீழே நான்கு விரல் நீளம் இறங்கி, ஒரு தகட்டில் முடிந்தது. அந்தத் தகட்டில் ஒரு சின்ன ஸ்பிரிங். அது எதற்கு என்று புரியாமல் நின்றேன். மெக்கானிக் விரலால் லீவரை அசைத்துக் காட்டினார். 'டக்'. அந்தச் சத்தத்துக்காகவே உட்கார்ந்து செய்திருக்கிறான். பணம் போனதைவிட அந்த ஸ்பிரிங்தான் இன்றும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

ஆகவே, லிஃப்ட் உள்ள பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். நான்கு சக்கரமும் தரையில் படாமல் தூக்கி, என்ஜினை ஓடவிட்டு, முதல் கியரில் 4×4 லீவரைப் போடச் சொல்லுங்கள். பின்சக்கரங்கள் சுழல வேண்டும். பின் பிரேக்கையும் பாருங்கள்: அசல் 4×4-இல் நான்குமே டிஸ்க். என் வண்டியில் பின்னால் டிரம் இருந்தது. குனிந்து பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

ஆறு மாதத்துக்குள் எடுத்த தொழில்நுட்பப் பரிசோதனைச் சான்று இருக்கிறது என்று காட்டுவார்கள். அது பிரேக், விளக்கு, துரு பார்ப்பதற்கு. வண்டி அசல் 4×4-தானா என்று யாரும் அதில் தேடுவதில்லை. பதிவுச் சான்றான கார்த் கிரீஸில் டி.2 என்ற கட்டத்தில் வண்டி வகைக் குறியீடு இருக்கும். அதையும் அடிச்சட்ட எண்ணையும் ஒப்பிட்டு, பணம் கொடுக்கும் முன்பே விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ரசீதில் நான் செய்த தவறுக்குத்தான் இப்போது அதிகம் அனுபவிக்கிறேன். 20,000 யூரோ வங்கிக் காசோலை, மீதி ரொக்கம் என்று விற்றவர் கேட்டார். ரசீதில் காசோலைத் தொகை மட்டும்தான். வண்டியின் பெயருக்கு நேரே 'சித்ரோயன் மெஹாரி' என்று மட்டுமே எழுதியிருக்கிறது. '4×4' என்ற சொல் எங்கும் இல்லை. தனியார் இருவருக்குள் 1,500 யூரோவுக்கு மேல் பணம் கைமாறினால் எழுத்து ஆதாரம் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அவசரத்தில் விட்டுவிட்டேன். விளம்பரத்தையும் படமெடுத்து வைக்கவில்லை. விற்ற மறுநாளே அதை நீக்கிவிட்டார்.

மறைந்த குறைபாட்டுக்குப் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1641-ஆம் பிரிவு இருக்கிறது. குறையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டேன். "மெஹாரி விற்றேன், 4×4 என்று சொன்னதே இல்லை" என்று பதில் வந்திருக்கிறது.

மார்ச் மாதம் ஆர்தேஷில் விற்பனைக்கு வந்த மணல்நிற மெஹாரி 4×4-இன் விளம்பரத்தை உங்களில் யாராவது படமெடுத்து வைத்திருந்தால், தயவுசெய்து எனக்கு அனுப்புங்கள். லீவரின் சிவப்புக் குமிழ் தெரியும் படம் ஒன்று அதில் இருந்தது.