மாகாண லீக்கா, தொழில்முறை லீக்கா: உக்ரைனின் சிறு கால்பந்து கிளப்புகளின் முன்னுள்ள இரண்டு வழிகள்

உக்ரைனில் ஒரு சின்ன ஊர் கிளப் முதலில் ஆடுவது மாவட்ட, மாகாண லீக்கில்தான். அதை நடத்துவது மாகாணக் கால்பந்துச் சங்கம். பயணம் மாகாணத்துக்குள்ளேயே முடிந்துவிடும். வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடலாம். பணம் குறைந்தாலும் அணி உயிரோடு இருக்கும்.

தொழில்முறை லீக்குக்குப் போனால் கணக்கே வேறு. அங்கே உரிமம், சம்பளம், நாடு முழுக்கப் பயணம் எல்லாம் உண்டு. போர் தொடங்கிய பின் சைரன் ஒலித்தால் ஆட்டம் நின்று, எல்லோரும் பதுங்குமிடம் போக வேண்டிய நிலைமை வேறு.

மேலே போவது வீண் என்று சொல்ல மாட்டேன். கீவ் மாகாணத்தின் கோவலிவ்கா கிராமத்தில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. அந்த ஊர் கிளப்பான கோலோஸ் 2012-இல் தொடங்கி, மாகாணப் போட்டிகளில் ஆடி, 2015-இல் தொழில்முறை லீக்குக்கு வந்தது. 2019-இல் நாட்டின் உச்ச லீக்கான பிரீமியர் லீக். அடுத்த ஆண்டே ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக்கின் தகுதிச்சுற்றில் கிரேக்கத்தின் ஆரிஸ் அணியை அதன் மைதானத்திலேயே 2-1 என வென்றது. ஊர் மக்கள் எல்லோரும் வந்தாலும் நிரம்பாத 5,000 இருக்கை மைதானமும் இருக்கிறது.

ஆனால் இதெல்லாம் நடக்க ஒரு முதலாளியின் பணம் வேண்டும். அவர் போனால்? கார்கிவ் நகரின் மெத்தலிஸ்ட் கிளப், உரிமையாளர் 2014-இல் நாட்டை விட்டு ஓடியபின் தடுமாறி, 2016-இல் மறைந்தே போனது. அதே ஆண்டு பிறந்த ‘மெத்தலிஸ்ட் 1925’ என்ற புதிய கிளப் அமெச்சூர் போட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

என்னைக் கேட்டால், நிலையான வருமானம் வரும்வரை மாகாண லீக்கே சரி.