மவுஸ் சென்சிட்டிவிட்டி மாற்றித் தரும் தளம்: எதுவரை இலவசம் போதும்?

கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் 1 என்று வைத்துப் பழகிய சென்சிட்டிவிட்டியை, அதாவது மவுஸ் அசைவுக்குப் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்று சொல்லும் எண்ணை, அப்படியே அதே வகை விளையாட்டான வேலரன்ட்டிலும் போட்டால், கையை லேசாக அசைத்தவுடனேயே குறி எதிரியைத் தாண்டிச் சுவருக்குப் போய்விடும். இரண்டு விளையாட்டுகளும் அந்த 1 என்ற எண்ணுக்குக் கொடுக்கும் மதிப்பு வேறு வேறு. தருமபுரி பேருந்து நிலையத்தில் பூ வாங்குகிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது; எல்லாரும் முழத்தில்தான் விற்கிறார்கள், அளக்கும் கைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. இந்த முழக் கணக்கைச் சென்டிமீட்டர் கணக்காக மாற்றித் தருகிற இணையச் சேவைகளில் நெடுங்காலமாக இருந்துவருவது மவுஸ்-சென்சிட்டிவிட்டி.காம். நான் மதிப்பிட எடுத்துக்கொண்டதும் அதைத்தான்.

அதன் அடிப்படைக் கணக்கு எளியது. 800 டிபிஐ கொண்ட மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் 800 எண்ணிக்கைகளைக் கணினிக்கு அனுப்புகிறது. சென்சிட்டிவிட்டி 1 ஆக இருக்கும்போது ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 0.022 டிகிரி திரும்புகிறது, வேலரன்ட் 0.07 டிகிரி திரும்புகிறது, அதே வகையைச் சேர்ந்த ஓவர்வாட்ச் 0.0066 டிகிரிதான் திரும்புகிறது. ஆகவே கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கின் 1 என்பது வேலரன்ட்டில் 0.314 ஆகவும், ஓவர்வாட்சில் 3.33 ஆகவும் மாறுகிறது. ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் என்ற விளையாட்டு, கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கைப் போலவே சோர்ஸ் எஞ்சின் என்ற அடித்தள மென்பொருளின் வழியில் வந்ததால் அங்கே 1 என்பது 1 ஆகவே நிற்கிறது. எந்த விளையாட்டிலிருந்து எதற்குப் போகிறோம், நம் டிபிஐ என்ன, இப்போதைய எண் என்ன என்று நிரப்பினால் தளம் புதிய எண்ணைச் சொல்வதோடு, ஒரு முழுச் சுற்றுக்கு மவுஸை எத்தனை சென்டிமீட்டர் இழுக்க வேண்டும் என்பதையும் காட்டுகிறது. மேற்சொன்ன கணக்கில் அது ஏறக்குறைய 52 செ.மீ.

இதை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று இருந்தால் வீட்டிலேயே சரிபார்க்கலாம். 30 செ.மீ. ஸ்கேலை மவுஸ் பேடின் மேல் விளிம்பில் டேப் போட்டு ஒட்டி, விளையாட்டுக்குள் ஒரு கதவின் விளிம்பில் குறியை வைத்து, மவுஸை 26 செ.மீ. இழுத்தால் முதுகுக்குப் பின்னால் இருந்தது எதிரே வந்துவிடுகிறது. மவுஸைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்து மறுபடி 26 செ.மீ. இழுத்தால் அதே கதவு விளிம்பு திரும்பி வருகிறது. வேலரன்ட்டில் 0.314 போட்டுச் செய்தாலும் குறி வந்து நிற்பது புறப்பட்ட இடத்தில்தான். மூன்று தசம இடத்துக்கு மேல் எழுத முடியாததால் விழும் வித்தியாசம் ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர்; அந்த விடுபாட்டையும் தளம் தனியாகக் காட்டிவிடுகிறது. இந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

ஆனால் டிபிஐ தெரியாமல் இந்தக் கணக்கில் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. நாலு ரோடு பக்கம் மணிக்கணக்கில் வாடகைக்கு விளையாடும் மையங்களுக்குப் போகிறவர்களுக்கு இது உண்மையான தொல்லை. அங்கே மவுஸ் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள, டிபிஐயை மாற்றும் சிறு பொத்தானை முந்தைய ஆள் எத்தனை முறை அழுத்திவிட்டுப் போனார் என்று யாருக்கும் தெரியாது. இதற்குத் தளத்திலேயே டிபிஐ அனலைசர் என்றொரு கருவி இருக்கிறது. மவுஸைக் குறிப்பிட்ட நீளத்துக்கு இழுத்தால், வந்த எண்ணிக்கையை வைத்து உண்மையான டிபிஐயை அது சொல்லிவிடும். அதற்கு முன் விண்டோஸில் ‘என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்’ என்ற தெரிவை அணைத்துவிட வேண்டும். அது கையின் வேகத்துக்கு ஏற்ப தூரத்தை மாற்றிவிடும்.

இதுவரை சொன்னதற்கு இந்தத் தளம் அவசியமே இல்லை. கால்குலேட்டரில் 3.18 ஆல் வகுக்கத் தெரிந்தால் போதும். தளத்தின் மதிப்பு வெளிப்படுவது ஸ்கோப் வைத்த துப்பாக்கிகளில். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் தொலைவிலிருந்து சுடும் ஏடபிள்யூபி துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய 4:3 திரை அளவில் சாதாரணமாக 90 டிகிரியாகக் கணக்கிடப்படும் பார்வைக் கோணம், அதாவது திரையில் ஒரே நேரத்தில் தெரியும் அகலம், முதல் ஜூமில் 40 ஆகச் சுருங்குகிறது, விளையாட்டும் 40ஐ 90ஆல் வகுத்து அந்த விகிதத்தில் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. ஆனால் திரையில் படம் பெரிதாவது கோணத்தின் விகிதத்தில் அல்ல, பாதிக் கோணத்தின் டேன்ஜென்ட் விகிதத்தில். ஆகவே திரையின் நடுவில், அதாவது குறிக்கு மிக அருகில், கை அசைவும் படத்தின் அசைவும் ஸ்கோப்புக்கு முன்னும் பின்னும் ஒன்றாகவே தோன்ற வேண்டுமென்றால் ஜூம் சென்சிட்டிவிட்டி விகிதத்தை 1இலிருந்து 0.819க்கு இறக்க வேண்டும். அப்படி இறக்கினால் திரையின் ஓரத்தில் கணக்குப் பொருந்தாது. ஓரத்தைப் பொருத்தினால் நடுவில் பொருந்தாது. எந்த ஒற்றை எண்ணாலும் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியாது. முழுச் சுற்றின் தூரம், திரையில் நாம் தேர்ந்தெடுக்கும் ஓர் இடம், வியூஸ்பீட் என்ற நடுவழி ஆகிய முறைகளைத் தந்து, நமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது தளம். எது சிறந்தது என்று அது அடித்துச் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. குறியை ஒட்டிய நுண்ணிய திருத்தமே ஸ்கோப்பில் முக்கியம் என்பதால் நான் நடுவைப் பொருத்தும் முறையையே பரிந்துரைப்பேன்.

பார்வைக் கோணம் மாறும் விளையாட்டுகளிலும் இதே சிக்கல் உண்டு. 16:9 அகலத் திரையில் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் சுமார் 106 டிகிரி, வேலரன்ட் 103 டிகிரி என்பதால் இவ்விரண்டுக்கும் இடையே மாறுகிறவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஏபெக்ஸில் கோணத்தை 110க்கு ஏற்றிவிட்டு, எண்ணைச் சரியாகப் போட்டும் மவுஸ் மந்தமாக இருக்கிறது என்று புலம்புகிறவர்களுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது: கோணம் விரிந்தால் உருவங்கள் சிறுத்து, அதே திருப்பத்துக்குத் திரையின் நடுவில் அவை நகரும் தூரமும் குறைகிறது.

குறைகளும் உண்டு. பக்கம் முழுக்கக் கட்டங்களும் தெரிவுகளும் நிறைந்திருப்பதால் முதன்முறை வருகிறவர் மிரண்டுபோவார். தமிழில் விளக்கம் கிடையாது. சில விளையாட்டுகளுக்கும் சில வசதிகளுக்கும் சந்தா கட்ட வேண்டும். கவுன்ட்டர் ஸ்ட்ரைக், வேலரன்ட் என்று இரண்டே விளையாட்டுகளுக்குள் இருப்பவருக்கு அந்தச் செலவு வீண். ஏழெட்டு விளையாட்டுகளை மாற்றி மாற்றி ஆடி, ஒவ்வொன்றிலும் 2 மடங்கு, 4 மடங்கு ஸ்கோப்புகளைத் தனித்தனியே பொருத்த விரும்புகிறவர் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி, எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நிறுத்திவிடலாம். மவுஸின் டிபிஐயும் விளையாட்டின் பார்வைக் கோணமும் மாறாதவரை அந்த எண்களும் மாறப்போவதில்லை.