சேபர்2 170: முதல் சொந்த பாராசூட்டாக வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயம் பார்த்துவிட வேண்டும். அந்த சைஸ் உங்கள் எடைக்குப் பொருந்துகிறதா? லைன்கள், அதாவது துணியையும் ஆளையும் இணைக்கும் கயிறுகள், என்ன நிலையில் இருக்கின்றன? சேபர்2 பற்றி நான் கேட்டிருக்கும் குறைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் ஒன்றைக் கவனிக்காததால் வந்தவை. நல்ல பாராசூட்டுக்குக் கெட்ட பேர்.

நான் இருப்பது தெற்கு கலிஃபோர்னியா. சனி, ஞாயிறு என்றால் பெரிஸ் டிராப்சோன்தான், விமானத்திலிருந்து குதிக்கிற இடம். அங்கே ஏ லைசென்ஸ் (தனியாகக் குதிப்பதற்கான முதல் நிலை உரிமம்) முடிக்கப்போகும் தமிழ்ப் பையன் ஒருவன், "அண்ணா, முதல் ரிக்குக்கு எந்த கேனப்பி எடுக்கலாம்?" என்று கேட்டான். ரிக் என்றால் முதுகில் மாட்டும் முழு செட், கேனப்பி என்றால் மேலே விரியும் துணி. பாராசூட் மடிக்கும் தரையில் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. இன்னும் பல பேருக்கு இந்தச் சந்தேகம் இருக்கும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

சேபர்2-ஐ உருவாக்கியது ஃப்ளோரிடாவில் டிலேண்ட் ஊரில் இருக்கும் பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ். ஒன்பது செல் (காற்று நிறையும் அறை) உள்ள கேனப்பி. காற்று ஊடுருவாத நைலான் துணி. ஓரங்கள் லேசாக வளைந்திருக்கும், அதனால் பள்ளியில் தருகிற பெரிய செவ்வகக் கேனப்பியைவிட வேகமாகத் திரும்பும், தூரமாகவும் போகும். 170 என்பது சதுர அடிக் கணக்கு. 97-இல் தொடங்கி 260 வரை சைஸ் உண்டு. நான் எடுத்தது பழையது, முந்தைய சொந்தக்காரர் பல நூறு முறை குதித்தது.

சைஸ் கணக்கு எளிது. உடல் எடையையும் போட்டிருக்கும் கியரின் எடையையும் கூட்டி பவுண்டில் எழுதுங்கள். அதைக் கேனப்பியின் சதுர அடியால் வகுங்கள். நான் 66 கிலோ. ரிக், ஹெல்மெட், உடை எல்லாம் சேர்ந்து 11 கிலோ. மொத்தம் 77 கிலோ, அதாவது 170 பவுண்ட். 170 சதுர அடியால் வகுத்தால் சரியாக ஒன்று. இதைத்தான் விங் லோடிங் என்கிறோம். ஏ லைசென்ஸ் வாங்கியவர்கள் ஒன்றைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்வார். இதே 170-ஐ தொண்ணூறு கிலோ ஆள் மாட்டிக்கொண்டால் விங் லோடிங் 1.3-ஐத் தொடும். அவர் கையில் அது வேறு பாராசூட். திருப்பம், இறங்கும் வேகம், ஃப்ளேர் (தரை தொடுமுன் வேகத்தை அடக்குவது) எல்லாமே மாறிவிடும். அதனால், "சேபர்2 எப்படிப்பட்டது?" என்று ஒருவரிடம் கேட்டால், அவர் எந்த லோடிங்கில் பறக்கிறார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இனி, எல்லோரும் புகார் சொல்கிற விஷயத்துக்கு வருகிறேன். சேபர்2 திறக்கும்போது நேராக நிற்காது, திசை தேடும் என்பார்கள். உண்மைதான். 4,000 அடியில் பைலட் சூட்டை (பெரிய கேனப்பியை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்) வீசினால், கேனப்பி மடித்திருக்கும் பை தோளுக்குப் பின்னால் கிளம்பும், லைன்கள் நீளும், ஸ்லைடர், அதாவது லைன்களில் வழுக்கி இறங்கி கேனப்பி திறப்பதை மெதுவாக்கும் துணி, மேலேயே நின்று கொஞ்சம் தாமதிக்கும். அந்தத் தாமதம் எனக்குப் பிடிக்கும், கழுத்து உலுக்காமல் வேகம் குறையும். பிறகு நடுச் செல்கள் நிறைந்து, ஸ்லைடர் இறங்க ஆரம்பிக்கும்போது கேனப்பி இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று ஆடும். ஓரச் செல்கள் கடைசியாகத்தான் படபடவென்று திறக்கும். எழுநூறு, எண்ணூறு அடி இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த ஆட்டத்தின்போது ஹார்னெஸில் (உடம்பைக் கட்டியிருக்கும் பட்டைகள்) இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கேனப்பி அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டு போகும். இடுப்பைச் சமமாக வைத்து, தோள்களை நேராகப் பிடித்திருந்தால் பெரும்பாலும் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் நிற்கும். பின் ரைசர்களில் (தோளிலிருந்து லைன்களுக்குப் போகும் பட்டைகள்) கை வைத்துக் காத்திருந்தால் மிச்சத்தையும் திருத்திவிடலாம். பெரிய குழுவாகக் குதித்துப் பிரிந்து வரும்போது, பக்கத்தில் இன்னொருவர் திறந்துகொண்டிருப்பார், அப்போது இது முக்கியம்.

ஆனால் நான் வாங்கிய புதிதில் என் சேபர்2 இந்த அளவோடு நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் இடது பக்கமே தொண்ணூறு டிகிரி திரும்பியது. விற்றவர், "லைன் எல்லாம் நல்லா இருக்கு, இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். பார்வைக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கள் ரிக்கர் (பாராசூட்டைச் சரிபார்த்துப் பழுது பார்ப்பவர்) கேனப்பியைத் தொங்கவிட்டு, லைன்களை இழுத்துப் பிடித்து, தயாரிப்பாளரின் அளவு அட்டவணையோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாக அளந்தார். கேனப்பியின் பின் ஓரத்தை இழுக்கும் லைன்கள்தான் பிரேக் லைன்கள்; இடது பிரேக் லைன் வலதைவிட இரண்டு அங்குலத்துக்கு மேல் குட்டை. இரண்டுமே அட்டவணையில் இருப்பதைவிடக் குட்டை.

காரணம், என் லைன்கள் செய்யப்பட்ட ஸ்பெக்ட்ரா நூலின் குணம். ஸ்லைடரின் உலோக வளையங்கள் ஒவ்வொரு முறையும் லைன்களை உரசிக்கொண்டே இறங்குகின்றன. உரசல் சூட்டில் ஸ்பெக்ட்ரா சுருங்கும். எல்லா லைனும் ஒரே அளவு சுருங்கினால் பெரிய பாதகம் இல்லை. வளையத்தை ஒட்டி ஓடும் வெளி லைன்களும் பிரேக் லைன்களும்தான் அதிகமாகச் சுருங்கும், நடு லைன்கள் அப்படியே இருக்கும். பாராசூட்டின் வடிவமே கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிவிடும். டாகிளை (பிரேக் லைனின் கைப்பிடி) முழுதாக மேலே விட்டாலும் வால் பகுதி இழுபட்டே இருக்கும், வேகம் எடுக்காது, ஃப்ளேரில் உயிர் இருக்காது. கேனப்பியைக் குறை சொல்கிற பலர் இப்படிப்பட்ட லைன்களோடு குதிப்பவர்கள் என்பது என் எண்ணம்.

சில நூறு டாலர் கொடுத்து முழு லைன் செட்டையும் மாற்றினேன். மாற்றிய பிறகு குதித்தபோது, ஸ்லைடர் இறங்கியதும் ஒரு நொடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். கேனப்பி லேசாக ஆடி, நான் பிரிந்து வந்த திசையிலேயே நின்றது. பழைய சேபர்2 வாங்குகிறவர்கள் இந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். அவசரத்துக்கு வைத்திருக்கும் ரிசர்வ் பாராசூட்டை 180 நாளுக்கு ஒருமுறை ரிக்கரிடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போதே மெயின், அதாவது வழக்கமாகத் திறக்கும் பாராசூட்டின் லைன்களையும் அளக்கச் சொல்லுங்கள். வெக்ட்ரான் லைன் போட்டால் சுருங்காது, உண்மை. ஆனால் அது நைந்துபோவதை வெளியே சரியாகக் காட்டாது. எனக்கு ஸ்பெக்ட்ராவே போதும். சுருங்கினால் கேனப்பியின் நடத்தையிலேயே தெரிந்துவிடுகிறது.

மடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வார இறுதியில் பாதி நேரம் அதில்தான் போகிறது. புதுத் துணி கஞ்சி போட்ட வேட்டி போல மொடமொடவென்று இருக்கும், அதோடு வழுக்கவும் செய்யும். காற்றை வெளியேற்ற நெஞ்சைக் கொடுத்து அதன்மேல் படுத்தால், பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய்விடும். பழைய துணி இவ்வளவு அடம் பிடிக்காது, அதனால் முதல் கேனப்பி பழையதாக இருப்பது நல்லதுதான். ஸ்லைடரின் நான்கு வளையங்களும் மேலே முட்டி நிற்கிறதா, நான்கு பக்கமும் சமமாக விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். சேபர்2 மென்மையாகத் திறப்பது பாதி அதில்தான் இருக்கிறது. பைலட் சூட்டின் கயிற்றில் உள்ள சின்னச் சன்னலில் நிறம் தெரிகிறதா என்று பார்க்காமல் பையை மூடாதீர்கள். தூக்கத்திலும் இதைச் சொல்வேன்.

பேக்கிங் கூடத்தில் என் பக்கத்துப் பாயில் மடிப்பவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். இருபது வருஷமாகக் குதிக்கிறார், இன்னமும் 170-தான். ஜூன் வெயிலில் வியர்வை சொட்டச் சொட்ட மடித்துக்கொண்டே, பேரப் பிள்ளைகளின் பள்ளிக் கதை, முட்டிவலி, பழுதான வாஷிங் மெஷின் எல்லாம் சொல்வார். நடுவில் என் லைன் மடிப்பைப் பார்த்து, "அந்த ரப்பர் பேண்ட் தளர்ந்துபோச்சு, மாத்து" என்பார். எனக்குப் புத்தகத்தில் கிடைக்காத பாடங்கள் அந்தப் பாயில்தான் கிடைத்தன.

இந்த கேனப்பியின் உண்மையான பெருமை ஃப்ளேர். தரைக்குப் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும்போது டாகிள்களை நெஞ்சு வரை நிதானமாகக் கொண்டுவந்தால், கீழே இறங்குவது நின்று முன்னால் மட்டும் போகும். அங்கே நிறுத்திவிடக் கூடாது. வேகம் குறையக் குறையக் கையையும் கீழே கொண்டுபோய்க்கொண்டே இருக்க வேண்டும். கடைசி ஒரு சாண் இழுப்பில்தான் சேபர்2 தன் பலத்தைக் காட்டும். காற்றே இல்லாத காலை நேரத்திலும் இரண்டே எட்டு நடந்து நிற்கலாம். பலர் பாதியிலேயே கையை நிறுத்திவிட்டு, ஓடி விழுந்து, "ஃப்ளேர் பத்தலை" என்கிறார்கள்.

பெரிஸ் கோடையில் மட்டும் கவனம். விமான நிலையமே 1,400 அடி உயரத்தில் இருக்கிறது. 40 டிகிரி வெயிலில் அங்குள்ள காற்றின் அடர்த்தி நாலாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில் இருக்கும் காற்றின் அடர்த்திக்குச் சமம். அதே கேனப்பி, அதே கை, ஆனால் தரை வேகமாக வரும். மதியத்தில் புழுதிச் சுழல் வேறு கிளம்பும். தரையில் மண் சுழல்வதைப் பார்த்தால் அடுத்த லோடுக்கு (குதிப்பவர்களை ஏற்றிப் போகும் விமானச் சுற்று) நான் பேர் கொடுப்பதில்லை. காற்று பலமாக அடிக்கும் மாலைகளில் இந்த லோடிங்கில் சேபர்2 முன்னேறாமல் நின்ற இடத்திலேயே இறங்கும். அது ஒரு குறைதான், ஒப்புக்கொள்கிறேன். முன் ரைசர்களும் என் கைக்குக் கனம், ஒருமுறை இழுத்தால் வெகுநேரம் பிடித்திருக்க முடியாது.

மெதுவாகத் திறந்தால் போதும் என்பவர்களுக்கு ஏரோடைன் நிறுவனத்தின் 'பைலட்' என்ற கேனப்பி இன்னும் மென்மை. ஏழு செல் வேண்டுமென்றால் அதே பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸின் ஸ்பெக்டர் இருக்கிறது, ஆனால் தூரம் போகாது. சேபர்3-ம் வந்துவிட்டது. அதனால் பழைய சேபர்2 நல்ல விலைக்குக் கிடைக்கிறது.

கடைசியாக, மாலைப் பேச்சைப் பற்றி. கடைசி லோடு இறங்கியதும் எல்லோரும் பாம்ப்ஷெல்டர் உணவகத்தில் கூடுவோம். முதல்முறை எதையாவது செய்தவர் பீர் வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நூறாவது குதிப்பு முடித்தவர் முகத்தில் 'பை' (pie) என்ற க்ரீம் பலகாரத்தை அப்புவார்கள். வீடியோக்களைப் போட்டுப் பார்த்துச் சிரிப்போம். அந்த மேஜைகளில் எனக்கு நண்பர்கள் கிடைத்தார்கள், ஊரை விட்டு வந்த தனிமை அங்கேதான் கரைந்தது. அதே மேஜையில்தான், "இன்னும் 170-ஆ? எப்போ சைஸ் குறைக்கப்போறே?" என்ற கேள்வியும் வரும். அன்பாகத்தான் கேட்பார்கள். ஆனால் அமெரிக்காவில் ஸ்கைடைவிங்கில் இறப்பவர்களில் கணிசமானவர்கள் ஒழுங்காகத் திறந்த நல்ல பாராசூட்டின் கீழ், தரையிறங்கும்போது இறக்கிறார்கள். சின்னக் கேனப்பியும் தாழத் திருப்புவதும் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. நான் 150-க்குப் போவதானால், 170-ல் காற்று இல்லாமல், பக்கக் காற்றில், பிரேக்கில் பாதி இழுத்தபடி, பின் ரைசரால் மட்டும் என்று எல்லா விதத்திலும் இறங்கப் பழகி, கேனப்பி பயிற்சியாளர் ஒருவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் போவேன். என் மனைவி இதை எழுத்தில் கேட்டாள், எழுதியும் கொடுத்திருக்கிறேன்.

கன்டெய்னர் (கேனப்பியை மடித்து வைக்கும் முதுகுப்பை) வாங்கும்போதும் இதையே நினைவில் வையுங்கள். 150-க்குத் தைத்த கன்டெய்னர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், 170-ஐ அதில் திணிக்கும் பாடு பொறுக்காமல் கேனப்பியை மாற்றிவிடத் தோன்றும். 170-ம் 190-ம் வசதியாக உட்காருகிற கன்டெய்னராகப் பாருங்கள். வாங்குமுன் பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸிடம் டெமோ கேனப்பி இரவல் வாங்கி ஒரு வார இறுதி குதித்துப் பார்க்கலாம்.

தம்பி, உன் எடை 80 கிலோ என்றாய். கியரோடு 200 பவுண்ட் வரும். உனக்கு 170 வேண்டாம், 190-ம் இப்போது வேண்டாம். சேபர்2 210 தேடு. வாங்குமுன் லைனை அளந்து பார்க்க ரிக்கரிடம் போகும்போது சொல், நானும் வருகிறேன்.