ஒரு நிலை கூடினால் ஊரே இடம் மாறுகிறது: கிராஃப்விஸ்ஸோடு இரண்டு வருடம்

போன வாரம் ஓசூரிலிருந்து நண்பன் கேட்டான்: "மாப்ளே, ப்ரோகிராம்ல இருக்கிற ஸ்டேட் மெஷினைப் படமாப் பார்க்க கிராஃப்விஸ்னு ஏதோ வச்சிருந்தியே, நல்லா இருக்கா?" "சூப்பர்டா" என்று சொல்லிவிட்டேன். (ஒரு மெஷின் எந்தெந்த நிலையில் இருக்கலாம், எதிலிருந்து எதற்குத் தாவும் என்ற கணக்குதான் ஸ்டேட் மெஷின்.) அன்று ராத்திரியே அது என்னைக் கடுப்பேற்றியது. அதனால் முழுக் கதையையும் எழுதிவிடுகிறேன்.

சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. தோட்டத்து போர் மோட்டார்களுக்கான ஸ்டார்-டெல்டா ஆட்டோ ஸ்டார்ட்டருக்கு சி மொழியில் ப்ரோகிராம் எழுதுகிறேன். மும்முனை கரண்ட் வந்ததும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், குறைந்த கரண்டில் ஸ்டார் இணைப்பில் கிளப்பி, முழுசாக ஓட டெல்டா இணைப்புக்கு மாற்ற வேண்டும், தண்ணீர் இல்லாவிட்டால் நிறுத்த வேண்டும். இப்படி 12 நிலைகள், எல்லாம் ஒரே நீளமான ஸ்விட்ச்-கேஸில் (ஒவ்வொரு நிலைக்கும் ஒரு 'கேஸ்' பகுதி). நான் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட் அதைப் படித்து, எது எதற்குத் தாவுகிறது என்ற பட்டியலை டாட் ஃபைலாகக் கொடுக்கும். அதைக் கிராஃப்விஸ் என்ற சாஃப்ட்வேர் கட்டமும் அம்புமாகப் படமாக்கும். காசு கிடையாது.

சரி, கடுப்புக்கு வருகிறேன். அன்று 'வோல்டேஜ் குறைவு' என்று ஒரே ஒரு நிலை சேர்த்தேன். மேலே இருந்த டெல்டா கீழே போய்விட்டது, இடது ஓரத்தில் இருந்த 'தண்ணீர் இல்லை' வலது ஓரத்துக்கு ஓடிவிட்டது. கிராஃப்விஸ்ஸில் படம் வரையும் 'டாட்' என்ற பகுதி நிலைகளை அடுக்கடுக்காகப் பிரிக்கிறது. சுற்றி வரும் அம்புகளில் சிலவற்றைத் தலைகீழாக எண்ணிக்கொள்கிறது. பிறகு கோடுகள் வெட்டிக்கொள்வது குறையும்படி ஒவ்வொரு அடுக்கையும் வரிசைப்படுத்துகிறது. நேற்று வரைந்த படம் அதற்கு நினைவில் இருப்பதே இல்லை. ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, 12ஆவது வளைவு நாளைக்கும் அதே இடத்தில்தான் இருக்கும். அந்த நம்பிக்கையில்தானே வண்டி ஓட்டுகிறோம்?

பிழை நிலைகளுக்குப் போகும் அம்புகளுக்கு 'கன்ஸ்ட்ரெயின்ட் ஃபால்ஸ்' (அடுக்குப் பிரிக்கும்போது இந்த அம்பைக் கணக்கில் எடுக்காதே) என்று போட்டால் அவை அடுக்கைக் குலைப்பதில்லை. அது பாதி வைத்தியம். 1987இல் டேவிட் ஹாரெல் என்ற கணினி அறிவியலாளர் ஸ்டேட்சார்ட் (நிலைகளைப் பெட்டிக்குள் பெட்டியாக வரையும் முறை) கட்டுரையில் சொன்னதுபோல, மோட்டார் ஓடும் நிலைகளை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பெட்டியிலிருந்தே ஒரு அம்பு விட்டேன். ஒரு ஃபேஸ் (மும்முனையில் ஒரு முனை) போவதற்கு மட்டும் ஒன்பது அம்புகள் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுதான். அது நிஜமாகவே கண்ணுக்குக் குளிர்ச்சி. நேரக்கணக்கு மட்டும் படத்தில் தெரியாது, அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. முதல் வருடம் படத்தை ஒரு தாளில் அச்சடித்து, வாழப்பாடியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் காட்டினேன். கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர். டீ கிளாஸை ஓரமாக வைத்துவிட்டு விரலால் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனார். "தம்பி, தண்ணி இல்லாம நின்ன மோட்டாரு, கரண்ட் போயிட்டு வந்தா உடனே மறுபடி ஓடும்போல இருக்கே?"

ஓடும்தான். வறண்ட போரில் நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டிய மோட்டாரை, ஒரு கரண்ட் கட் நேராக ஸ்டாருக்கு அனுப்பிவிடும். ப்ரோகிராமில் அந்த இரண்டு கேஸ்களுக்கும் நடுவில் இருநூறு வரி. மாதக்கணக்கில் அதே ப்ரோகிராமைப் படித்தும் என் கண்ணில் படவில்லை. அந்த ஒரு அம்பு எத்தனை பாக்குத்தோட்டத்து மோட்டார்களைக் கருக்கியிருக்கும்!

இவ்வளவு சொல்லியும் இன்றைக்கு மார்க் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன் மாப்ளே. நிலைகளை அடிக்கடி கூட்டிக் குறைப்பவன் என்றால் இந்தப் பக்கமே வராதே.

அந்தப் பழைய தாள் அண்ணன் கடைச் சுவரில் கிரீஸ் கறையோடு இன்னும் ஒட்டியிருக்கிறது. 'வோல்டேஜ் குறைவு' சேர்ந்த புதுப் படத்தை முந்தாநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பழசே இருக்கட்டும் தம்பி. இதுல எது எங்க இருக்குதுன்னே தெரியல."