30 மீட்டர் ரேடியஸ் ஸ்கீ: பல சீசன் ஓட்டினதுக்கப்புறம்

டெல்லில மலை மந்திர் பக்கம் ஸ்கீ (பனிச்சறுக்கு பலகை) வாங்க நினைக்கிற நம்மாளுங்க எங்கிட்ட கேக்குறது ஒரே கேள்விதான், ரேஸுக்கு எத்தனை மீட்டர் ரேடியஸ் எடுக்கலாம்? அதுக்குத்தான் இது. ரேடியஸ்னா, ஸ்கீயோட பக்கவாட்டு வளைவு எந்த வட்டத்தோட துண்டோ, அந்த வட்டத்தோட ஆரம்.

எங்கிட்ட ரெண்டு ஜோடி இருக்கு, ஒண்ணு எஃப்ஐஎஸ் (சர்வதேச ஸ்கீ சம்மேளனம்) விதிப்படி ஆண்கள் ஜெயன்ட் ஸ்லாலம் (கேட்னு சொல்ற கம்பங்கள சுத்தி வளைஞ்சு வளைஞ்சு இறங்குற ரேஸ்) ஸ்கீ, நீளம் 193 செ.மீ., ரேடியஸ் 30 மீட்டர், இன்னொண்ணு ரேடியஸ் 18 மீட்டர். ரெண்டையும் அவுலி, குல்மார்க்னு பல சீசனா ஓட்டிட்டேன்.

ஸ்கீ மேல போட்டிருக்கிற நம்பர்லயே டர்ன் வரும்னு நினைக்காதீங்க. எட்ஜ்ல (ஸ்கீயோட ஓரத்து இரும்பு விளிம்பு) சாய்க்க சாய்க்க ஸ்கீ வளையும், டர்ன் சின்னதாகும், 60 டிகிரி சாய்ச்சா தோராயமா பாதி, அதாவது 30 மீட்டர் ஸ்கீ 15 மீட்டர்ல திரும்பும். ஆனா உடம்பும் அவ்ளோ சாயணும்னா விழாம இருக்க வேகம் வேணும்ல, கணக்கு போட்டு பாத்தா மணிக்கு கிட்டத்தட்ட 57 கிலோமீட்டர் வருது, 18 மீட்டர் ஸ்கீக்கு 44 போதும். எல்லா வித்தியாசமும் இங்கதான் இருக்கு.

சேர்லிஃப்ட்ல ஏறும்போது கீழ நம்ம தடத்த பாருங்க, அப்பட்டமா தெரியும். 18 மீட்டர்ல ரெண்டு மெல்லிசு கோடு, மேலருந்து கீழவரை. 30 மீட்டர்ல டர்னோட மேல் பாதி ஒரு முழ அகலத்துக்கு தேய்ஞ்சு கிடக்கும், கேட்டுக்கு பக்கத்துலதான் கோடா மாறும். அந்த தேய்ஞ்ச இடம் பூரா வீணாப் போன நேரம்.

2012-13 சீசன்ல முழங்கால் காயங்கள குறைக்கணும்னு ஆண்கள் ரேடியஸை 27லருந்து 35 மீட்டராக்கினாங்க, அமெரிக்க ரேஸர் டெட் லிகெட்டி அத கடுமையா எதிர்த்தாரு, ஆனா அந்த சீசன் முதல் ரேஸ், ஆஸ்திரியாவோட சோல்டன்ல, 2.75 செகண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சதும் அவர்தான்! சீக்கிரமே எட்ஜ் போட்டு ரொம்ப கீழ சாயுற ஆளு, அதான் காரணம்னு நான் நம்புறேன். பெரிய ரேடியஸ் நல்லா ஓட்டுறவங்களையும் மத்தவங்களையும் தூரமா பிரிச்சிடும். 2017-18ல அத 30க்கு இறக்கிட்டாங்க.

அதனால எஃப்ஐஎஸ் ரேஸ் ஓடப்போறவங்க தவிர மத்தவங்களுக்கு 21-23 மீட்டர்தான் சொல்வேன், நம்மூர் சரிவுல அந்த வேகத்துக்கு இடமே கம்மி, அதோட 193 செ.மீ. பைய காஷ்மீரி கேட்ல ராத்திரி பஸ்ல ஏத்துறது தனி போராட்டம்.

டெல்லி மழைக்காலத்துல எட்ஜ் துரு பிடிக்கும், சீசன் முடிஞ்சதும் எட்ஜையும் மூடுற மாதிரி தடிமனா வாக்ஸ் போட்டு வச்சிடுங்க, சுரண்டாதீங்க. காசு கம்மின்னா முதல்ல பூட் ஃபிட்டிங், குதிகால் உள்ள ஆடிச்சுன்னா எந்த ஸ்கீயும் எட்ஜ்ல நிக்காது.